டிராக் ரேஸ் காரில் பிரேக் பிடிக்கவில்லையா? பெடல் எப்போது இறங்குகிறது என்று முதலில் பாருங்கள்

நேர்ப் பாதையில் நின்ற இடத்திலிருந்து சீறிப் பாயும் டிராக் ரேஸ் (drag race) காரில் பிரேக் சரியில்லை என்றதும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: ஏர் எடுப்பார்கள், அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவார்கள். சரியாகவில்லை என்றால் மறுபடியும் ஏர் எடுப்பார்கள். அப்புறம் டிஸ்கை உரசிப் பிடிக்கும் பேட்டை மாற்றுவார்கள், அதற்கும் அடங்கவில்லை என்றால் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றிவிடுவார்கள். இவ்வளவும் செய்த பிறகு பந்தயப் பாதையின் முடிவில் காலை வைத்தால் பெடல் பழையபடி தரையைத் தொடும்.

"பிரேக் சரியில்லை" என்ற ஒரே பேச்சுக்குள் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருப்பதுதான் இதற்குக் காரணம். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது. அவற்றைப் பிரித்துக் காட்ட இரண்டு கேள்விகள் போதும். பெடல் எப்போது இறங்குகிறது? பேட்டை டிஸ்கின் மேல் அமுக்கும் காலிப்பருக்குப் போய்ச் சேரும் அழுத்தம் எவ்வளவு? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

## இந்த பிரேக்குக்கு இரண்டு வேலை

சாலையில் ஓடும் காரின் பிரேக் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கிறது. டிராக் ரேஸ் காரில் அப்படி இல்லை. ஆரம்பக் கோட்டில், எஞ்சின் முன்னே தள்ளிக்கொண்டிருக்கும்போது காரை அசையாமல் பிடித்து நிறுத்த வேண்டும். பிறகு கால் மைல், அதாவது 402 மீட்டர் (சில பந்தயங்களில் அதில் பாதி) ஓடி முடித்ததும், அதுவரை ஆறிக் கிடந்த பிரேக் ஒரே மூச்சில் முழு வேகத்தையும் விழுங்க வேண்டும். சூடேற்றிக்கொள்ள அதற்கு அவகாசமே கிடையாது.

எவ்வளவு விழுங்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 22 லட்சம் ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் ஏழரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய இதே ஆற்றல்தான் தேவை. எடையைக் குறைக்க மெல்லிய டிஸ்க் போட்டிருக்கிறீர்கள், நான்கும் சேர்ந்து 12 கிலோ இரும்பு என்று வைத்துக்கொள்வோம். அத்தனை ஆற்றலும் டிஸ்கில் இறங்கினால் அதன் வெப்பம் 400 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். காற்றின் எதிர்ப்பும் எஞ்சினின் இழுவையும் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும், பாராசூட் இருந்தால் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் டிராக் ரேஸ்களை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பு மணிக்கு 150 மைல் (சுமார் 240 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டும் கார்களுக்குப் பாராசூட்டைக் கட்டாயமாக்கியிருப்பதன் பின்னணி இந்தக் கணக்குதான். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. எஞ்சினை மட்டும் பலப்படுத்திவிட்டு பிரேக்கை அப்படியே விட்டவர்கள் "போன வருஷம் நன்றாகத்தானே நின்றது" என்று குழம்புவதும் இதனால்தான்.

ஆக, கோளாறு ஆரம்பக் கோட்டில் வருகிறதா, முடிவில் வருகிறதா என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

## காலிலிருந்து டயர் வரை

கால் பெடலை மிதிக்கிறது. பெடல் ஒரு நெம்புகோல், அது விசையைப் பெருக்குகிறது. பெருகிய விசை மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளி, பிரேக் ஆயிலில் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்த அழுத்தம் பைப் வழியாகக் காலிப்பருக்குப் போய்ப் பேட்டை டிஸ்கின் மேல் அமுக்குகிறது, உராய்வு டிஸ்கைப் பிடிக்கிறது, கடைசியில் டயர் தரையைப் பிடிக்கிறது.

இந்தச் சங்கிலியை நடுவில் வெட்டிப் பார்க்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. காலிப்பரில் ஏர் எடுக்கத் திறக்கும் பிளீடர் திருகைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பிரஷர் கேஜை மாட்டுங்கள், கேஜுக்குள் இருக்கும் ஏரை எடுத்துவிட்டு, கார் நிற்கும் நிலையிலேயே பெடலை முழு பலத்தோடு மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். டிஸ்க் பிரேக் நன்றாகப் பிடிக்க 1,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) சுற்றுவட்டாரத்தில் அழுத்தம் வர வேண்டும். 500, 600-ல் முள் நின்றுவிட்டால் கோளாறு காலுக்கும் காலிப்பருக்கும் நடுவில். 1,000 தாண்டியும் கார் நிற்கவில்லை என்றால் பேட், டிஸ்க், டயர் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்தும். இதைச் செய்யாமல் வாங்கிய மாஸ்டர் சிலிண்டர்கள் எத்தனையோ.

## பெடல் கல் மாதிரி இருக்கிறது, அழுத்தம் மட்டும் வரவில்லை

பெடல் கெட்டியாக இருந்தால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் கெட்டிப் பெடலும் குறைந்த அழுத்தமும் சேர்ந்தே வரும். கணக்கைப் பார்த்தால் புரியும்.

1. காலின் விசை 100 பவுண்டு (சுமார் 45 கிலோ), பெடலின் பெருக்கம் 6 மடங்கு என்றால் பிஸ்டனுக்குப் போவது 600 பவுண்டு.
2. மாஸ்டர் சிலிண்டரின் துளை விட்டம் 1 அங்குலம் என்றால் அதன் பரப்பு 0.785 சதுர அங்குலம். அழுத்தம் சுமார் 764 பிஎஸ்ஐ.
3. துளை 7/8 அங்குலம் என்றால் பரப்பு 0.601. அழுத்தம் ஏறக்குறைய 1,000 பிஎஸ்ஐ.
4. துளை 1 1/8 அங்குலம் என்றால் அதே காலுக்குக் கிடைப்பது 604 பிஎஸ்ஐ மட்டுமே.

"பெரிய மாஸ்டர் சிலிண்டர், பெரிய பிரேக்" என்ற நம்பிக்கை தலைகீழானது. பெரிய துளை நிறைய ஆயிலைத் தள்ளும், அதனால் பெடல் மேலேயே கெட்டியாக நிற்கும், ஆனால் அழுத்தம் குறையும். சிறிய துளையில் அழுத்தம் கூடும், அதற்கு விலையாகப் பெடல் அதிக தூரம் இறங்கும். 1 அங்குலத்திலிருந்து 7/8-க்குப் போனால் சுமார் 30 சதவீதம் கூடுதலாக இறங்கும். பெடலுக்குக் கீழே அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இந்தக் கோளாறு அதிகம் வருவது, எஞ்சினின் வேக்குவத்தைக் கொண்டு காலின் விசைக்குத் துணை செய்யும் பூஸ்டரைக் கழற்றிய கார்களில். பெரிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்ட எஞ்சினில் வேக்குவம் போதாது, பூஸ்டர் ஒழுங்காக வேலை செய்யாது, அதனால் அதை எடுத்துவிடுகிறார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் பூஸ்டருக்காக அமைத்த பெடலின் பெருக்கம் பெரும்பாலும் 4 மடங்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும், கையோடு அதை 6-க்குக் கொண்டுவராமல் விட்டுவிடுகிறார்கள். பெடல் தொங்கும் அச்சிலிருந்து கால் வைக்கும் இடத்தின் நடுப்பகுதி வரை ஒரு டேப்பால் அளங்கள், அதே அச்சிலிருந்து புஷ் ராட் (மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி) மாட்டியிருக்கும் துளை வரை இன்னொரு முறை அளங்கள், முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் பெருக்கம் தெரிந்துவிடும்.

## பெடல் இறங்குகிறது: எப்போது?

இங்கேதான் நேரம் முக்கியம்.

எப்போதும் பஞ்சு மாதிரி இருக்கிறது, இரண்டு மூன்று முறை அடித்தால் கொஞ்சம் ஏறுகிறது. இது ஏர். ஆனால் லிட்டர் கணக்கில் ஆயிலை ஓட்டியும் ஏர் போகவில்லை என்றால் காலிப்பரைப் பாருங்கள். பிளீடர் திருகு காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடதையும் வலதையும் மாற்றி மாட்டிவிட்டால் திருகு அடியில் போய்விடும், ஏர் மேலே தங்கிக்கொள்ளும், எத்தனை முறை எடுத்தாலும் அது வெளியே வராது. நான்கு பிஸ்டன் காலிப்பரில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு திருகுகள் இருக்கும், இரண்டிலும் எடுக்க வேண்டும். புது மாஸ்டர் சிலிண்டரைக் காரில் மாட்டும் முன்பே மேசையில் வைத்து ஏர் எடுத்துவிடுவது நல்லது. சிலிக்கான் வகையான டாட் 5 ஆயில் (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரவகை) ஊற்றியிருந்தால் மெதுவாக ஊற்றி மெதுவாகவே ஓட்ட வேண்டும். அது நுண்ணிய குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உள்ளது, மற்ற ஆயில்களோடு கலக்கவும் கூடாது.

பஞ்சு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஏர் துளியும் இல்லை. ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சக்கரம் கழற்றிய காலிப்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூர்ந்து பாருங்கள். காலிப்பர் டிஸ்குக்கு நடுவில் சரியாக உட்காரவில்லை என்றால், மிதித்த கணத்தில் டிஸ்க் ஒரு பக்கமாக வளைவதும் விடும்போது திரும்புவதும் கண்ணுக்கே தெரியும். சில நேரம் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட்டே முறுக்கிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் பேட் ஒரு முனை தடித்தும் மறுமுனை தேய்ந்தும் ஆப்பு மாதிரி இருக்கும். இதற்கு ஷிம் (மெல்லிய தகடு) வைத்துக் காலிப்பரை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பிராக்கெட்டை பலப்படுத்த வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பினாலும் பெடல் இப்படித்தான் இருக்கும்.

கார் கொஞ்ச நேரம் சும்மா நின்ற பிறகு முதல் மிதி ஆழமாகப் போகிறது. மாஸ்டர் சிலிண்டர் தரையோடு தரையாக, காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் கார்களில் ஆயில் மெல்லப் பின்னால் வடிந்து வரும். இதற்கு அழுத்தத்தைச் சிறிதளவு தேக்கி வைக்கும் வால்வு இருக்கிறது, டிஸ்க் பிரேக்குக்கு 2 பிஎஸ்ஐ, டிரம் பிரேக்குக்கு 10 பிஎஸ்ஐ. டிரம்முக்கான வால்வைத் தவறிப்போய் டிஸ்குக்குப் போட்டால் பேட் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

ஓடி முடித்து, நின்று, திரும்பி வரும் வழியில் பெடல் இறங்குகிறது. ஆறிய பிறகு சரியாகிவிடுகிறது. ஆயில் கொதிக்கிறது. டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இதே அளவுகள் 230, 155. பந்தயக் கார் மாதக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டி, ஆயில் அப்போதும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். ஓடிய தூரத்தை வைத்து ஆயிலின் வயதைக் கணக்கிடாதீர்கள். இன்னொன்று, திரும்பும் பாதையில் பெடலை அமுக்கியபடியே நின்றால் சூடான டிஸ்கின் வெப்பம் பேட் வழியாக நேரே காலிப்பருக்குள் இறங்குகிறது. முடிந்தவரை காலை எடுத்து, காரை உருள விடுங்கள்.

## பந்தய முடிவில் மட்டும் வரும் கோளாறு

இது மேலே சொன்ன எதிலும் சேராது, அதிகம் பயமுறுத்துவதும் இதுதான். பிட்டில், அதாவது காரைத் தயார் செய்யும் இடத்தில், பெடல் பிரமாதமாக இருக்கிறது. ஆரம்பக் கோட்டில் காரை நன்றாகப் பிடிக்கிறது. ஓடி முடித்துக் காலை வைத்தால் முதல் மிதியில் ஒன்றுமே இல்லை, பெடல் வெறுமையாகக் கீழே போகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் முழு பிரேக்கும் இருக்கிறது. பிட்டுக்குத் திரும்பிப் பார்த்தால் ஆயில் அளவு குறையவில்லை, கசிவு இல்லை, ஏர் இல்லை.

நடப்பது இதுதான். ஓடும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடிப் பேட்டுகளைத் தட்டி, பிஸ்டன்களைக் காலிப்பருக்குள் தள்ளிவிடுகிறது. முதல் மிதியில் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் முழுவதும் அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகிறது. இரண்டாவது மிதியில்தான் பேட் டிஸ்கைத் தொடுகிறது. 240 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு சுமார் 67 மீட்டர் போகிறது. அந்த ஒரு வெற்று மிதிக்கு அரை நொடி போனாலும் முப்பது மீட்டருக்கு மேல் பிரேக்கே இல்லாமல் போகிறீர்கள்.

டிஸ்கை ஆட வைப்பவை:

1. பின் ஆக்சில் உள்ளும் வெளியும் நகரும் ஆட்டம். சி வடிவக் கிளிப்பால் உள்முனையில் மட்டும் பூட்டப்பட்ட ஆக்சில்களில் இது இயல்பாகவே கொஞ்சம் உண்டு. நகரும் வகைக் காலிப்பர் இருந்தால் காலிப்பரும் கூடவே நகர்ந்து சமாளித்துவிடும். இரு பக்கமும் பிஸ்டன் உள்ள நிலையான காலிப்பரை இதே ஆக்சிலில் மாட்டும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.
2. முன் சக்கர பேரிங்கில் விட்டுப்போன ஆட்டம்.
3. நேராக உட்காராத டிஸ்க். பெரும்பாலும் ஹப்புக்கும் டிஸ்குக்கும் நடுவே துரு அல்லது பிசிறு இருக்கும்.
4. புறப்படும்போது பின் டயர் உதறும் உதறல். அது ஆக்சிலையும் ஹவுசிங்கையும் சேர்த்தே குலுக்குகிறது. பேட் பூட்டும் ஊசிகளையும் போல்ட்டுகளையும் கூடத் தளர்த்திவிடும்.

உறுதிப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. பிட்டில் பெடலை அடித்துக் கெட்டியாக்கிவிட்டு, காலை எடுத்து, காரைக் கையால் தள்ளி இரண்டு மூன்று வளைவு சுற்ற விடுங்கள். பிறகு மெதுவாக மிதியுங்கள். முன்பைவிட ஆழமாகப் போனால் பேட் பின்னால் தள்ளப்படுகிறது. எந்தச் சக்கரம் என்று தெரிந்துகொள்ள ஆக்சில் முகத்தில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து உள்ளும் வெளியும் இழுத்துப் பாருங்கள்.

இதற்கு ஆக்சிலை வெளிமுனையில், பேரிங்கோடு சேர்த்துப் பூட்டும் அமைப்புக்கு மாறுவதுதான் சரியான தீர்வு. அதுவரை, ஓட்டம் முடிவதற்குச் சற்று முன்பே இடது காலால் பெடலை லேசாகத் தட்டிப் பேட்டை முன்னுக்குக் கொண்டுவரும் பழக்கம் ஓட்டுநர்கள் பலரிடம் உண்டு. ஆபத்துக்கு உதவும், ஆனால் அதை நம்பி ஒரு பருவம் முழுக்க ஓட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

## அழுத்தம் இருக்கிறது, கார் நிற்கவில்லை

இங்கே முதல் சந்தேகம் பேட் மேல்தான் விழ வேண்டும். சுற்றுப் பாதைப் பந்தயத்துக்கான பேட் சில நூறு டிகிரி சூடான பிறகுதான் முழுசாகக் கடிக்கும். டிராக் ரேஸில் அது சூடாவதற்குள் பாதை முடிந்துவிடும். ஆறிய நிலையிலேயே பிடிக்கும் பேட்தான் இங்கே தேவை. எஞ்சினை எதிர்த்து பிரேக்கை மிதித்தே காரைப் பிடிக்கும் ஓட்டுநர் என்றால், சக்கரம் லேசாக நழுவி நழுவிப் பேட்டின் முகம் உருகி இறுகியிருக்கும். கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கண்ணாடி மாதிரி மின்னும், நகத்தால் கீறினால் வழுக்கும். இப்படிப்பட்ட பேட்டை மாற்றி, டிஸ்கின் முகத்தையும் சுத்தம் செய்து, மிதமான வேகத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பலமுறை நிறுத்தி, நடுவில் ஆற விட்டுப் பழக்க வேண்டும்.

அடுத்தது முன் பின் பங்கீடு. முன்னால் ஒல்லி டயர், பின்னால் அகலமான ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத டயர்). சாலைக் காரிலிருந்து வந்த பங்கீட்டு வால்வு பின் சக்கரத்தின் அழுத்தத்தைக் குறைத்துவிடும், ஆனால் இந்தக் காரில் நல்ல பிடிப்பு இருப்பதே பின்னால்தான். முன் டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும், பின்னால் இருக்கும் பிடிப்பு வீணாகும். முன்னும் பின்னும் தனித்தனியாகக் கேஜ் போட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

பின் ஆக்சிலில் ஸ்பூல் போட்டிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பின் சக்கரமும் ஒரே தண்டு மாதிரிச் சுற்றுவதால் ஒரு பக்கக் காலிப்பர் முழுசாகச் செத்திருந்தாலும் கார் ஒரு பக்கம் இழுக்காது. பிரேக் பாதியாகிவிட்டது என்பது மட்டும் தெரியும், ஏன் என்று தெரியாது. இதைக் கண்டுபிடிக்க வெப்பநிலையைத்தான் அளக்க வேண்டும்.

## பிரேக் விட மறுக்கிறது

கார் வழக்கத்தைவிட மெதுவாகப் புறப்பட்டால் எஞ்சினை மட்டுமே சந்தேகிக்க வேண்டாம். நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் பிளீடரைத் திறங்கள். அழுத்தத்தோடு ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் எங்கோ அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது. விடுபடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறைப்படுவதற்கு அதிகம் காரணமாவது நீளமாக வைத்த புஷ் ராட். பிஸ்டன் முழுசாகப் பின்னுக்கு வராமல், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறிய துளையை மூடிக்கொண்டு நிற்கும். சூடாகிற ஆயில் விரிய இடமில்லாமல் பேட்டைத் தானாகவே தள்ளும். ராட் பிஸ்டனைத் தொடுமுன் சிறிய ஃப்ரீ பிளே, அதாவது வெற்று இடைவெளி, கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளே சிதைந்த ஹோஸும் ஒருவழி வால்வு மாதிரி ஆகிவிடும்.

## லைன் லாக், டிரான்ஸ்பிரேக்

லைன் லாக் என்பது முன் பிரேக் பைப்பில் இருக்கும் ஒரு மின்வால்வு. பெடலை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் முன் சக்கர அழுத்தம் மட்டும் பூட்டிக்கொள்ளும், பின் டயரைச் சுழற்றிச் சூடேற்றலாம். முன் காலிப்பரில் கேஜை மாட்டி, மிதித்து, பொத்தானை அழுத்தி, காலை எடுங்கள்.

1. முள் உடனே விழுந்தால் மின்சாரம் சரியாக வரவில்லை, அல்லது உள்ளே வரும் பைப்பும் வெளியே போகும் பைப்பும் இடம் மாறியிருக்கின்றன.
2. மெதுவாக விழுந்தால் உள்ளே கசிவு, பெரும்பாலும் அழுக்கு.
3. பொத்தானை விட்ட பிறகும் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை என்றால் வால்வு ஒட்டிக்கொள்கிறது. இந்த நிலையில் காரை ஓட்டக் கூடாது.

டிரான்ஸ்பிரேக் இதற்கு முற்றிலும் வேறு. அது கியர்பாக்ஸுக்குள் முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கிறது. அதற்கும் பிரேக் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை. டிரான்ஸ்பிரேக்கில் நிற்கும்போது கார் ஊர்ந்தால் கியர்பாக்ஸைப் பாருங்கள், காலிப்பரை விட்டுவிடுங்கள்.

## திரும்பப் பாதைக்குப் போகும் முன்

சரிசெய்த பிறகு முதல் ஓட்டத்தையே முழு ஓட்டமாக ஓட்ட வேண்டாம். நின்ற இடத்தில் பெடலை ஒரு நிமிடம் முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. பிறகு குறைந்த வேகத்தில் நான்கைந்து நிறுத்தம், அப்புறம் பாதித் தூரம் ஓடிவிட்டு முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கும் ஓட்டம் ஒன்று. துளையிட்ட டிஸ்கில் துளையிலிருந்து விளிம்பு வரை விரிசல் ஓடியிருந்தால் இது எதுவும் வேண்டாம், டிஸ்கை மாற்றுங்கள்.

முழு ஓட்டம் முடிந்து கார் நின்றதும், அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிஸ்குகளையும் உடனே அளந்து எழுதி வையுங்கள். முன் இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும், பின் இரண்டும் அப்படியே. ஜோடியில் ஒன்று மட்டும் நன்றாக ஆறிக் கிடந்தால் அந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அது விடாமல் உரசியிருக்கிறது அல்லது மற்றதன் சுமையையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது. அடுத்த முறை ஜாக்கியை அந்தச் சக்கரத்துக்கு அடியில் வையுங்கள்.